உலர்மலர்ப் பேனாவை வேலூரில் வைத்துக் காப்பது எப்படி

காய்ந்த பூக்களின் மங்கிய சிவப்பையும் பழுப்பையும் வெளிர்மஞ்சளையும் உடலில் கொண்டு, பெரும்பாலும் எண்ணிட்ட சிறு தொகுதிகளாக வெளிவரும் சேகரிப்பு மைப்பேனா ஒன்றை வாங்குபவர், அதனுடன் வரும் கையேட்டைப் பின்பற்றினால் போதும் என்று நினைப்பது இயல்பு. குழாய்த் தண்ணீரில் அலசுங்கள், அறை வெப்பநிலையில் வையுங்கள் என்று கையேடு இரண்டு வரியில் முடித்துவிடும். ஜப்பானில் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பு குறைந்த மென்னீர் என்பதால் அங்கே அந்த இரண்டு வரி போதுமானதாக இருக்கலாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும், கத்திரி வெயிலில் இரவிலும் சூடு ஆறாத மேற்குச் சுவரும் உள்ள வேலூரில் அது போதாது. எழுதுவதால் இத்தகைய பேனா கெடுவது அரிது. தண்ணீரும் வெப்பமும் வெளிச்சமுமே அதைக் கெடுக்கின்றன. ஆகவே இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் அம்மூன்றையும் பற்றியவை. பழைய வடஆற்காட்டின் மற்றப் பகுதிகளான இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் ஆகிய ஊர்களுக்கும் அவை பொருந்தும்.

கையில் இருப்பது எந்த வகை

பராமரிப்பு முழுவதும் இந்தக் கேள்வியின் விடையைச் சார்ந்தது என்பதால், பேனாவைக் கழுவுவதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உலர்மலர் என்ற பெயரில் விற்கப்படும் பேனாக்கள் மூன்று வகையாக அமைகின்றன. முதல் வகையில் பூவே கிடையாது. காய்ந்த ரோஜாவின் அல்லது சாமந்தியின் நிறங்களைக் கலந்து வார்த்த அக்ரிலிக் பிளாஸ்டிக் அல்லது ரெசின் என்னும் செயற்கைப் பிசின் கம்பியைக் கடைசல் இட்டுப் பேனாவாக்கியிருப்பார்கள். இரண்டாம் வகையில் உண்மையான இதழ்கள் தெளிந்த ரெசினுக்குள் பதிக்கப்பட்டிருக்கும். மூன்றாம் வகை, ஜப்பானிய உருஷி அரக்குப் பூச்சின் மேல் பொற்பொடியும் நிறப்பொடியும் தூவிப் பூ வரையும் மக்கி-எ முறையில் செய்யப்படுவது. பைலட் நிறுவனம் நமிக்கி என்ற பெயரில் விற்கும் பேனாக்களால் இந்த முறை உலகெங்கும் சேகரிப்பாளர்களிடையே அறிமுகமானது.

வகையைக் கண்டறியக் கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் பொருத்திக்கொள்ளும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். உண்மையான இதழில் நரம்புகள் கிளை பிரிந்து ஓடுவது தெரியும். ஓரம் ஒழுங்கற்றுச் சுருண்டிருக்கும். ஓர் இதழ் போல இன்னோர் இதழ் இராது. அச்சிட்ட தாளையோ படலத்தையோ உள்ளே வைத்து வார்த்திருந்தால் நிறம் சிறுசிறு புள்ளிகளாகப் பிரியும். நிறக்கலவை மட்டுமாக இருந்தால் நரம்பும் இராது, ஓரமும் இராது. நிறங்கள் புகை போல ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும். அரக்கு வேலையில் பொடி சற்றே மேடாக இருப்பதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் காணலாம்.

முதல் வகையைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. என் கருத்தில், நாள்தோறும் எழுத விரும்புபவருக்கு அதுவே சிறந்தது. நிறத்தை மட்டும் பூவிடமிருந்து வாங்கிக்கொண்ட பேனாவில் வாடுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் நிறக்கலவைப் பேனாவை உண்மையான பூப் பதித்தது என்று சொல்லி அதற்கான விலை கேட்டால் அந்த விற்பனையிலிருந்து விலகுவதே நல்லது.

இரண்டாம் வகையில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. சாதாரணப் பேனாவின் உடல் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர் விட்டமே கொண்டது. உள்ளே மைக்கும், மையை உறிஞ்சி வைத்திருக்கும் கழற்றத்தக்க குழாயான கன்வெர்ட்டருக்கும் இடம் விட்டபின் சுவருக்கு மிஞ்சுவது ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்குள் இதழை அடக்கி வார்த்து, பிறகு கடைசல் இடும்போது, மேற்பரப்பை ஒட்டிக் கிடக்கும் இதழின் விளிம்பு சில இடங்களில் உளியில் அறுபட்டு வெளியே தெரியும்படி நின்றுவிடும். அந்த விளிம்பு வழியாகத் தண்ணீரோ வியர்வையோ உள்ளே ஊறினால் இதழ் அங்கிருந்து பழுப்பேறத் தொடங்கும். அதை மாற்ற வழி இல்லை. எனவே உடல் முழுவதும் நகத்தின் நுனியை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். வழவழப்பு தடைபட்டு நகம் சிக்கும் இடம் இருந்தால், அங்கே இதழ் வெளியே வந்திருக்கிறது என்று ஐயுறலாம். இதழைச் சுற்றி வெள்ளிக் கம்பி போல மின்னும் காற்றிடைவெளி இருந்தால், அது இதழ் முழுமையாகக் காயாமல் வார்க்கப்பட்டதன் அடையாளமாக இருக்கக்கூடும்.

வாங்கும்போதும் செய்யச் சொல்லும்போதும்

எண்ணிட்ட பதிப்பாக இருந்தால், உடலில் பொறித்த எண்ணும் பெட்டியோடு வரும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய பேனாவாக இருந்தால் மூடியின் வாய் விளிம்பையும், நிப் பொருந்தியுள்ள கழுத்தும் உடலும் சேரும் மரையையும் தனியாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். மயிரிழை விரிசல் பெரும்பாலும் அவ்விரண்டு இடங்களில்தான் விழும். நிப்பில் 585 என்று பொறித்திருந்தால் 14 காரட் தங்கம், 750 என்றால் 18 காரட். எஃகு நிப் என்பதால் பேனாவை ஒதுக்க வேண்டாம். பல சிறு பட்டறைகள் ஜெர்மனியின் ஜோவோ, போக் நிறுவனங்களின் எஃகு நிப்பைத்தான் பொருத்துகின்றன, அவை நன்றாகவே எழுதும். ஜப்பானிய நிப்பில் ஃபைன் என்று குறித்திருப்பது ஐரோப்பிய நிப்பின் ஃபைனை விட மெல்லியதாக எழுதும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பதிப்புக்குக் காத்திருக்காமல், நம் பூக்களின் நிறத்திலேயே ஒரு பேனா செய்துகொள்ள விரும்புவோருக்கு, சென்னை செல்லும் இரயில் பாதையிலேயே உள்ள திருவள்ளூரில் ரங்கா என்ற பெயரில் எபோனைட் என்ற கடின ரப்பர், அக்ரிலிக் ஆகியவற்றின் கம்பிகளைக் கையால் கடைந்து பேனா செய்யும் பட்டறை இருக்கிறது. நிறக்கலவை வகைக்கு இது நல்ல வழி. உண்மையான பூப் பதித்த கம்பியை வேறொருவரிடம் வார்க்கச் சொல்வதாக இருந்தால், பூவைத் தேர்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் குவிந்திருக்கும் பூக்களில் மணத்துக்குப் பெயர்போன மல்லிகை இதற்கு உதவாது. அது காய்ந்தால் தேயிலைப் பழுப்பாகிவிடும். ரோஜாவும் செம்பருத்தியும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருளால் சிவப்பவை; காய்ந்தபோது கருஞ்சிவப்பாகி அழகாகவே இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் அந்த நிறம் எளிதில் வெளிறும். வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் வேறு நிறப்பொருளான பீட்டலைனைக் கொண்டவை. வாடாமல்லியின் செதில்கள் செடியில் இருக்கும்போதே காகிதம் போல ஈரப்பசையற்று இருப்பதால், காய்வதில் உருவமும் குலையாது, நிறமும் நெடுநாள் நிற்கும். முழுப்பூ பேனாவின் சுவருக்குள் அடங்காது என்பதால் செதில்களைத் தனித்தனியாக உதிர்த்து, தாள்களுக்கிடையே அழுத்தி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைத்து, ஒடித்தால் படக்கென்று முறியும் பதம் வரும்வரை உலர்த்திக் கொடுக்க வேண்டும்.

பரிசளிக்க வாங்குவோருக்கு ஒரு சொல். ஜப்பானில் பூவை அழுத்தி உலர்த்திப் படமாக்கும் ஒஷிபானா ஒரு மதிப்புமிக்க கலை. நம் வீடுகளிலோ வாடிய பூ சாமி படத்திலிருந்து எடுத்துப் போட வேண்டிய நிர்மாலியம். வேப்பம்பூவையும் ஆவாரம்பூவையும் காயவைத்துப் பத்திரப்படுத்தும் அதே வீட்டில்கூட, மணவிழாவுக்குக் காய்ந்த பூ வைத்த பொருளைக் கொடுத்தால் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அப்படிப்பட்ட இடத்துக்கு முதல் வகைப் பேனாவே தொல்லையற்றது.

தண்ணீர்

புதிய பேனாவின் நிப்பிலும், அதன் அடியில் மை இறங்கிவரும் கட்டையிலும் செய்முறையில் ஒட்டிய எண்ணெய்ப் பசை இருக்கும் என்பதால், முதல் முறை மை நிரப்புவதற்கு முன்பே அலச வேண்டும். பிறகு மை மாற்றும்போதெல்லாம் அலச வேண்டும். இந்த அலசலுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தக் கூடாது. அதில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள், வாளியின் விளிம்பிலும் குழாயின் வாயிலும் வெள்ளையாகப் படிவது போலவே, கட்டையின் மயிரிழை வாய்க்கால்களிலும் படியும். ஒரு முறையில் ஒன்றும் தெரியாது. பல முறை அலசி அலசி உலரவிட்டபின் மை தயங்கித் தயங்கி இறங்கும். நிப்பைக் குறை சொல்லி அதை வளைத்துப் பார்ப்பார்கள், குற்றம் தண்ணீருடையதாக இருக்கும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500 அளவுகோல், குடிநீரில் கரைந்த திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பதை ஏற்கிறது. குடிப்பதற்கு அது சரி. பேனாவுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பது நல்லது. வீட்டு ஆர்ஓ கருவியின் தண்ணீரும் கேன் தண்ணீரும் பெரும்பாலும் அந்த அளவுக்குள் வரும். ஐயம் இருந்தால் கரைந்த திடப்பொருளை அளக்கும் சிறிய டிடிஎஸ் மீட்டரால் பார்த்துக்கொள்ளலாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருக்களில் அந்தத் தண்ணீர் கிணற்று நீரைவிட மேல், ஆனாலும் கடைசி அலசலை ஆர்ஓ நீரில் செய்வதே பாதுகாப்பு. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் எல்லாவற்றிலும் சிறந்தது. அதே கடையில் பேட்டரிக்கான ஆசிட்டும் அதே போன்ற கேனில் இருக்கும் என்பதால், சீட்டைப் படித்து வாங்க வேண்டும்.

சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேரே வரும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். எந்தத் தண்ணீரானாலும் அறைக்குள் ஒரு கிண்ணத்தில் வைத்து ஆறியபின் பயன்படுத்த வேண்டும். அலசும் முறை எளிது: உடலைக் கழற்றித் தனியே உலர்ந்த துணியின்மேல் வைத்துவிட்டு, நிப்பும் கட்டையும் உள்ள கழுத்துப் பகுதியை மட்டும் கிண்ணத்தில் அமிழ்த்தி, கன்வெர்ட்டரால் தண்ணீரை இழுத்து இழுத்து வெளியேற்ற வேண்டும். கறை விடாப்பிடியாக இருந்தால் பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு துளி கலக்கலாம். தண்ணீர் தெளிந்தபின் நிப்பைக் கீழ்நோக்கிப் பருத்தித் துணியில் ஊன்றி இரவு முழுவதும் நிறுத்த வேண்டும். இரண்டாம், மூன்றாம் வகைப் பேனாக்களின் உடலும் மூடியும் தண்ணீரைக் காணவே வேண்டாம். சற்றே ஈரமாக்கிய மென்துணியால் துடைத்து உடனே உலர்துணியால் ஒற்றினால் போதும்.

ஸ்பிரிட், நகப்பூச்சு நீக்கி, பற்பசை மூன்றும் விலக்கு. ஸ்பிரிட் அக்ரிலிக்கில் சிலந்திவலை போன்ற நுண்விரிசலை உண்டாக்கக் கூடியது. மருத்துவமனைகள் மிகுந்த இந்த ஊரில் கைக்குக் கிருமிநாசினி தடவுவோர் எண்ணிக்கை அதிகம். மருத்துவர்களும் செவிலியர்களும் கை நன்றாக உலர்ந்தபின்பே இத்தகைய பேனாவைத் தொட வேண்டும்.

மை

நிரப்பும் முறையில் கன்வெர்ட்டரையும், மை அடைத்து விற்கும் குப்பியான கார்ட்ரிட்ஜையும் மட்டுமே பரிந்துரைக்கிறேன். இங்க் ஃபில்லரால் உடலுக்குள் நேரே மை ஊற்றும் பழைய முறை எபோனைட் பேனாவுக்குப் பொருத்தமானது. தெளிந்த ரெசினில் அது உட்சுவரைக் கறைப்படுத்தி, பூவுக்குப் பின்னால் நீலத்திரை போட்டுவிடும்.

மினுமினுப்புத் துகள் கலந்த மை, நிறத்துகள் மிதக்கும் அழியாத மை, இரும்புச்சத்துள்ள அயர்ன் கால் மை ஆகியவை உலர்ந்தால் கட்டையை அடைத்துக்கொள்ளும் இயல்புடையவை. கோடையில் இங்கே எல்லாமே விரைவாக உலரும். சாதாரணச் சாய மையே போதும். பிரில், கேமல் போன்ற உள்நாட்டு மைகளின் நீலமும் கருநீலமும் இதற்கு ஏற்றவை. பூவின் நிறத்தோடு இயைய வேண்டும் என்று விரும்பினால் பைலட்டின் இரோஷிசுக்கு வரிசையிலும் பிறவற்றிலும் பழுப்பும் மங்கிய சிவப்பும் கிடைக்கும். அடர்சிவப்பும் ஊதாவும் வெளிர்நிறக் கழுத்தில் கறையாகத் தங்கக்கூடியவை.

கோடையில் கன்வெர்ட்டரைப் பாதியளவே நிரப்பலாம். மூடியின் இடுக்கு வழியாக நீர் ஆவியாவதால் உள்ளே எஞ்சிய மை நாளடைவில் கெட்டியாகி, நிறமும் கருக்கும். பிளாட்டினம் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 3776 செஞ்சுரி பேனாவின் மூடிக்குள் சுருள்வில் கொண்ட அடைப்பு ஒன்றை அமைத்து, மை இரண்டு ஆண்டுகள் வரை உலராது என்று சொல்கிறது. அப்படிப்பட்ட மூடி இல்லாத பேனாவை இரு வாரத்துக்கு மேல் எழுதாமல் வைப்பதாக இருந்தால் மையை வெளியேற்றி அலசிவிட வேண்டும். எழுதும்போது மின்விசிறிக்கு நேர்கீழே மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பதும் நிப்பை உலர்த்தும். உள்ளங்கை வியர்வை தாளில் படிந்தால் அந்த இடத்தில் நிப் வழுக்கி, எழுத்து விட்டுவிட்டு விழும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் அது நேராது. மூடியைப் பேனாவின் பின்புறம் செருகி எழுதும் பழக்கமுள்ளவர்கள் இந்தப் பேனாவிலாவது அதைக் கைவிட வேண்டும், அது உடலில் வளையம் வளையமாகக் கீறும்.

வெயிலும் வைப்பிடமும்

மே மாதத்தில் வேலூரின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டிலும் வண்டியின் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியிலும் அது 60 டிகிரியைக் கடக்கக்கூடும். அக்ரிலிக் 100 டிகிரிக்கு அருகில்தான் இளகும். ஆனால் பூப் பதிக்கப் பயன்படும் எபாக்சி ரெசின்களில் பல 50, 60 டிகிரியிலேயே இறுக்கம் தளர்ந்து, சட்டைப்பையின் கிளிப் அழுத்தத்துக்கே வளைந்துகொடுக்கும். வளைந்த உடலில் மரை சரியாக ஏறாது. வங்கிக்குள் ஐந்து நிமிட வேலைதான் என்று பேனாவை வண்டியில் விட்டுச் செல்லக் கூடாது.

வெப்பத்தைவிட மெதுவாகவும், திருத்த முடியாதபடியும் கெடுப்பது வெளிச்சம். வெயிலின் புறஊதாக் கதிர் இதழின் நிறத்தை வெளிறச் செய்வதோடு, எபாக்சியை மஞ்சளாக்கும். உருஷி அரக்கின் பளபளப்பையும் அரிக்கும். ஆகவே கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றால் சன்னல் வெளிச்சம் நேரே விழாத, உட்புற அறையின் அலமாரியைத் தேர வேண்டும். வெளிறுவதைக் கண் நாள்தோறும் பார்ப்பதால் உணராது என்பதால், வாங்கிய அன்றே ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, குறிப்பிட்ட ஒரு விளக்கின் கீழ்ப் படம் எடுத்து வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை அதே விளக்கின் கீழ் மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். பிற்காலத்தில் விற்க நேர்ந்தால் அந்தப் படங்களே பேனாவின் நிலைக்குச் சான்றாகும்.

இரும்பு பீரோவில் வைப்பவர்கள் அது மேற்குச் சுவரை ஒட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் அந்தச் சுவரின் சூடு பீரோவுக்குள் இறங்கும். துணிகளுக்கிடையே அந்துருண்டை போட்டிருக்கும் தட்டு ஆகவே ஆகாது, அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கைப் பிசுபிசுப்பாக்கும். பழைய செல்லுலாய்டு பேனா இருந்தால் அதைக் காற்றோட்டமுள்ள தனி இடத்தில் வைக்க வேண்டும். அது சிதையத் தொடங்கினால் வெளிவரும் அமில ஆவி பக்கத்துப் பேனாக்களின் உலோகத்தையும் அரிக்கும். எபோனைட்டில் கந்தகம் இருப்பதால் வெள்ளி வளையம் உள்ள பேனாவை அதனுடன் ஒரே மூடிய பெட்டியில் வைத்தால் வெள்ளி கறுக்கும்.

உறைக்கு நம் பகுதியில் குறைவில்லை. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் வேலை தெரிந்தவரிடம் அளவு கொடுத்துத் தைக்கச் சொல்லலாம். சாயமேற்றிய புதுத்தோலின் நிறம் சூட்டில் வெளிர்ரெசினில் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், தோலின் உட்புறத்தை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, நிறம் வந்தால் சாயமில்லாத பருத்தித் துணியால் உள்ளணை வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும்.

பயணமும் பழுதும்

ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ எடுத்துச் செல்லும்போது, மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் கன்வெர்ட்டருக்குள் சிக்கிய காற்று விரிந்து மையை நிப்பின் வழியே தள்ளும். முழுவதும் நிரப்பிய பேனாவிலும் முழுவதும் காலியான பேனாவிலும் இந்தத் தொல்லை இல்லை. பாதி நிரம்பியதில்தான் உண்டு. மலையேறும்வரை நிப் மேல்நோக்கி இருக்கும்படி சட்டைப்பையில் செருகிக்கொண்டால் காற்று மட்டும் வெளியேறும்.

நிப் கீறினாலோ மை விட்டுவிட்டு வந்தாலோ, அலசியும் சரியாகாத நிலையில், சென்னை பாரிமுனையில் நெடுங்காலமாகப் பேனா விற்கும் ஜெம் அண்ட் கோ போன்ற கடைகளை அணுகலாம். காட்பாடியிலிருந்து இரயிலில் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். இறுகிப்போன கழுத்தைக் கழற்றச் சூடான காற்றைக் காட்டுவது பழுதுபார்ப்போரின் பொதுவான முறை என்பதால், ரெசினுக்குள் பூ இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிப் வேலை மட்டும் என்றால் உடலையும் மூடியையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, கழுத்துப் பகுதியையும் கன்வெர்ட்டரையும் வழக்கமாக ஊற்றும் மையில் சிறிதளவையும் மட்டும் எடுத்துச் சென்றால் போதும்.